மலையேறிய இரும்பு வளையம்

முன்னொரு காலத்தில் நெடுங்குன்ற நாடு என்றொரு நாடு. அதை வில்லவராயர் என்ற ராஜா ஆண்டார். அவருக்குக் காலையில் ஒன்று தோன்றும், சாப்பிட்டுக் கை கழுவியதும் வேறொன்று தோன்றும். தோன்றுவதோடு அவர் வேலை முடிந்தது. ஓடிச் செய்து முடிப்பது மந்திரி கூத்தபிரானின் வேலை. வாலிபத்தில் மந்திரி ஆசனத்தில் வந்து உட்கார்ந்தவருக்கு இப்போது பல் ஆடுகிறது, முழங்கால் மடங்க மறுக்கிறது. ஓய்வு கேட்டால், "தை பிறக்கட்டும்" என்பார் ராஜா. தை பிறந்தால் சித்திரை என்பார்.

மார்கழியில் ராஜா மலையுச்சி அம்மனைக் கும்பிடப் போய், அங்கேயே கூடாரம் அடித்துத் தங்குவது வழக்கம். போன வருஷம் குளிருக்கு மூட்டிய தீயிலிருந்து ஒரு கட்டை உருண்டு, கூடாரம் பற்றிக்கொண்டது. ராஜா தப்பினார், மீசையில் ஒரு பக்கம் தப்பவில்லை. அதற்கு முந்தின வருஷம் கல்லடுப்பைச் சுமந்து ஏறிய மாசான் என்ற ஆள் சரிவில் விழுந்து இடுப்பொடிந்து போனான். சபை மீசையைத்தான் நினைவில் வைத்திருந்தது. மந்திரி மட்டும் மாசானை மறக்கவில்லை.

இந்த வருஷம் ராஜா சபையில் சொல்லிவிட்டார். தீயைச் சுற்றிப் போட உலோகத்தில் ஒரு வளையம் வேண்டும். மலைமேல் கொண்டுபோகிற மாதிரி இருக்க வேண்டும்.

அரண்மனை அதிகாரி உலகாண்டார் உடனே எழுந்தார். மந்திரியின் ஆசனத்தின்மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். செம்புத் தகட்டில் யாளி முகங்கள் அடித்து, இணைப்புகளில் ஈயம் வார்த்து, சூரிய மண்டலம் போல வளையம் செய்து தருவதாகச் சொன்னார். வயதான மந்திரிக்கு இந்தப் புதுமையெல்லாம் பிடிபடுமா என்று கவலைப்படுவதுபோல் ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார்.

"என்ன மந்திரியாரே, பேசாமல் நிற்கிறீர்?" என்றார் ராஜா.

"நிற்பதற்கே தெம்பு சரியாகப் போகிறது மகாராஜா. பேச்சுக்கு மிச்சமில்லை."

ராஜாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆளுக்கொரு வளையம் கொண்டுவரட்டும், யாருடையது சொதப்புகிறதோ அவர் பதவியை விட்டு இறங்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பதவி போவதில் கூத்தபிரானுக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தச் செம்புப் பாரத்தை யார் தோளில் ஏற்றப் போகிறார்கள் என்று நினைத்ததும் மாசான் ஞாபகம் வந்தது.

"ஒரே ஒரு விண்ணப்பம்," என்றார். "வளையத்தைத் தேர்ந்தெடுத்தவரே அதை மேலே கொண்டுவந்து சேர்க்கட்டும். வேறு யாரும் கை வைக்கக் கூடாது."

ராஜா தலையாட்டினார். சபை நடுவே உலகாண்டாரால் மறுக்க முடியவில்லை.

மந்திரி கடைவீதியெல்லாம் நடந்து பார்த்தார். பித்தளை கண்ணைப் பறித்தது, கனமும் கையைப் பறித்தது. மெல்லிய இரும்புத் தகடு லேசுதான். ஆனால் சூடேறினால் அப்பளம்போல் நெளிந்துவிடும். ஆற்றுக் கல்லை அடுக்கலாமென்றால் ஈரக் கல் தீயில் வெடிக்கும். கால் ஓய்ந்து வண்டிப்பேட்டையில் போய் உட்கார்ந்தார். எதிரே உடைந்த பாரவண்டிச் சக்கரம் ஒன்று கிடந்தது. மரமெல்லாம் உளுத்திருந்தது. சுற்றியிருந்த இரும்புப் பட்டை மட்டும், நாலு விரல் அகலத்தில், துருவேறி முழுசாக இருந்தது. உலையில் பழுக்கக் காய்ச்சிச் சக்கரத்தில் மாட்டிய பட்டை அது. நெருப்பு அதற்குப் புதிதல்ல. மந்திரி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தூக்க முடியாது. ஆனால் அது தூக்குவதற்குச் செய்த பொருளில்லையே.

புறப்படும் நாளில் உலகாண்டார் செம்பு வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். பத்தடிக்கு ஒருதரம் உட்கார்ந்தார். மந்திரி ஒரு கழியால் தட்டித் தட்டிப் பட்டையை உருட்டிக்கொண்டு, வளைவுக்கு வளைவு அதன்மேல் சாய்ந்து மூச்சு வாங்கி, மெதுவாக அவரைக் கடந்து போனார்.

உலகாண்டார் ராஜாவின் பல்லக்கைப் பார்த்து முறையிட்டார். "சுமக்க வேண்டியதை உருட்டுகிறார், மகாராஜா."

"கொண்டுவந்து சேர்க்கவேண்டும் என்றுதான் கேட்டேன், உலகாண்டாரே," என்றார் மந்திரி. " சுமக்கவேண்டும் என்பது உங்கள் தோள் சேர்த்துக்கொண்டது."

பல்லக்குக்குள்ளிருந்து ராஜாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

உச்சியில், பொழுது சாயும் வேளையில், முதலில் செம்பு வளையத்தில் தீ மூட்டினார்கள். யாளிகள் தகதகவென்று மின்னின. ராஜா அசந்துபோனார். உலகாண்டாருக்கு வலியெல்லாம் மறந்தது. கொஞ்ச நேரந்தான். கட்டை நன்றாகப் பிடித்ததும் இணைப்புகளிலிருந்து ஈயம் கண்ணீர்போல் வழிந்தது. ஒரு யாளி பின்னால் சாய்ந்தது, அடுத்ததும் சாய்ந்தது. எரிகிற கட்டையொன்று கூடாரத்தை நோக்கி உருண்டது. ராஜா மீசையைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

மந்திரி தன் கழியால் கட்டையை மடக்கித் தள்ளினார். அவர் முன்னமே ஓரிடத்தில் புல்லைச் செதுக்கி, நடுவில் குழி பறித்து, விளிம்பில் பட்டையைப் படுக்கவைத்து, வெளிப்பக்கம் மண் அணைத்திருந்தார். ஆட்கள் நெருப்பை அதற்குள் மாற்றினார்கள். பட்டை சிவந்தது, நெளியவில்லை, உருகவில்லை. ஒரு கங்குகூட வெளியே வரவில்லை.

ராஜா குளிர் விடும்வரை தீக்காய்ந்தார். பிறகு, உலகாண்டார் பதவியை விட்டு இறங்கலாம் என்றார்.

"அவர் இருக்கட்டும் மகாராஜா," என்றார் மந்திரி. "இன்னொருவரைப் பழக்க எனக்குத் தெம்பில்லை."

உலகாண்டார் தலை நிமிரவில்லை. பதவி தங்கியது, ஆனால் தகடுகளை அவரே இறக்கவேண்டும் என்று ராஜா சொல்லிவிட்டார்.

விடிந்ததும் ராஜாவுக்கு வேறொன்று தோன்றியது. ஆறிப்போன பட்டையை நிமிர்த்தி, கழியை வாங்கி, நாலடி உருட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை யாரும் கண்டதில்லை. அடிவாரம்வரை தானே உருட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னார்.

"அப்படியென்றால் பல்லக்கு?" என்று கேட்டான் பல்லக்குத் தூக்கிகளின் தலைவன்.

"மந்திரியார் ஏறட்டும். என்ன பரிசு வேண்டும் என்று போகிற வழியில் யோசித்துச் சொல்லட்டும்."

கூத்தபிரான் மறுக்கவில்லை. ராஜாவைவிட மந்திரி பாதிக் கனம் என்று தூக்கிகளுக்கு ஏக மகிழ்ச்சி. முதல் வளைவு திரும்புமுன்பே உள்ளே குறட்டை கேட்டது. பின்னால் உலகாண்டார், முதுகில் செம்புத் தகடுகள் கலகலக்க, அடிமேல் அடி வைத்து இறங்கிக்கொண்டிருந்தார்.

தூக்கிகளின் தலைவன் திரும்பிப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னான்: "கொஞ்சம் சத்தமில்லாமல் வாருங்கள் சாமி. மந்திரியார் பரிசை வாங்கிக்கொண்டிருக்கிறார்."