விரல் நுனி இல்லாத கையுறை

விலங்குகள் ஒன்றோடொன்று பேசிப் பழகிய அந்தக் காலத்தில், நீர்நாய்களின் விரல்களுக்கு நடுவே சவ்வு கிடையாது. மலையில் இருந்தவற்றுக்கும் கிடையாது, கீழே பெரிய ஆற்றில் இருந்தவற்றுக்கும் கிடையாது. எல்லாம் வெறுங்கைதான். விரல்கள் தனித்தனியாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் முனையிலும் கீரிக்கு இருப்பதுபோல நீண்ட நகம் இருக்கும்.

மலையின் உச்சியை ஒட்டிய சோலைக்காட்டில் ஓர் ஓடை. அதன் கரையில் வஞ்சி என்ற பெண் நீர்நாய் தன் கணவன் நஞ்சப்பனோடு குடியிருந்தாள். பாறை இடுக்கில் வளை, வளைக்குள் அந்த மழைக்குப் பிறந்த இரண்டு குட்டிகள். ஓடையில் பெரிய மீன் என்று எதுவும் கிடையாது. கல்லுக்கு அடியில் நண்டு இருக்கும், நத்தை இருக்கும், மணலில் பதுங்கிய அயிரை இருக்கும். எல்லாவற்றையும் கையை விட்டுத் துழாவித்தான் எடுக்க வேண்டும். கண்ணால் பார்த்துப் பிடிக்கிற இடமில்லை அது.

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில்தான் பாடு. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல வெளுத்திருக்கும். ஓடையோரத்துத் தண்ணீரின் மேல் பாலாடைபோல ஒரு பனி ஏடு படிந்திருக்கும். அதை உடைத்துக்கொண்டுதான் கையை உள்ளே விட வேண்டும். விட்ட கொஞ்ச நேரத்தில் கை மரத்துப்போகும். அப்புறம் கல்லும் ஒன்றுதான், நண்டும் ஒன்றுதான்.

அப்படி ஒரு காலையில் நஞ்சப்பன் ஓடையிலிருந்து ஏறி வந்தான். வஞ்சி அவன் கையைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ஏனுங்க, கையில என்ன தொங்குது?"

"எங்கே?" என்று கையைத் தூக்கினான். சுண்டுவிரலை ஒரு நண்டு கவ்விப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் மணிக்கட்டு வரை வடிந்திருந்தது. "ஒண்ணும் கிடைக்கலைன்னுதானே ஏறி வந்தேன். இது கடிச்சதே தெரியலையே!"

நண்டைக் குட்டிகள் தின்றன. விரல் வீங்கியது. சில நாளில் நுனி கறுத்து உதிர்ந்தது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டதால் நஞ்சப்பன் வளையை விட்டு நகர முடியவில்லை. வஞ்சி தனியாக ஓடைக்குப் போனாள். ஒரு நாள் நத்தை கிடைக்கும், ஒரு நாள் ஒன்றும் கிடைக்காது. கிடைத்ததைக் குட்டிகளுக்குக் கொடுத்துவிட்டு, தின்றாகிவிட்டது என்று கணவனிடம் சொல்வாள். பாலும் வற்றத் தொடங்கியிருந்தது.

அந்தச் சமயத்தில் அவள் அண்ணன் சென்னான் தங்கையின் குட்டிகளைப் பார்க்கக் கீழாற்றிலிருந்து ஏறி வந்தான். நன்றாகத் தின்று கொழுத்த உடம்பு. வந்ததும் வராததுமாகக் கையை விரித்துக் காட்டினான். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை பளபளவென்று ஏதோ மூடியிருந்தது. விரல்களுக்கு நடுவே அதே தோல் விசிறிபோல விரிந்தது.

"இதென்னண்ணா?"

"கையுறை, அம்மிணி. அடிவாரத்துல கெம்பக்கான்னு ஒரு முள்ளம்பன்றி தைச்சுக் குடுக்குது. இதைப் போட்டுட்டுத் தண்ணியை ஒரு எத்து எத்தினா ஆத்தோட பாதி அகலம் போயிடலாம். நாலு பேரா வளைச்சு மீனைத் துரத்துறோம், வாயைத் திறந்தா உள்ளே வந்து விழுது. நீயும் ஒரு ஜோடி வாங்கிக்க. என் கூட வா."

குட்டிகளை நஞ்சப்பனிடம் விட்டுவிட்டு வஞ்சி அண்ணனோடு இறங்கினாள்.

கெம்பக்கா ஒரு புற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஊசிக்கு அவள் எங்கும் போக வேண்டியதில்லை, முதுகிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்வாள். மலைப்பாம்பு உரித்துப் போட்ட சட்டைதான் துணி. அதை இரண்டாக மடித்துத் தைத்து, தையலின் மேல் பலாப்பாலைக் காய்ச்சிப் பூசினால் சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. தைத்து முடித்தவற்றைப் பாறைமேல் பரப்பி வைத்திருந்தாள்.

வஞ்சி முதலில் எடுத்தது உள்ளே இலவம்பஞ்சு வைத்துத் தைத்த தடித்த கையுறை. போட்டதும் கை கதகதவென்று ஆனது. அவளுக்கு அதைக் கழற்றவே மனமில்லை.

"அதை வெச்சிரு," என்றாள் கெம்பக்கா. "அது குரங்குங்க கேட்டுத் தைச்சது. மரத்துல உட்கார்ந்திருக்கறவங்களுக்குச் சரி. எங்காவது ஒரு தையல் விட்டுதுன்னா பஞ்சு தண்ணியைக் குடிச்சுக்கும். அப்புறம் கை ஒரு பாறாங்கல்லு கனம் கனக்கும். நீ முங்கினா மேல வர மாட்டே."

அண்ணன் போட்டிருந்ததுபோன்ற மெல்லிய கையுறையை அடுத்து எடுத்தாள். அதில் ஒவ்வொரு விரல் முனையிலும் நகம் வெளியே வருவதற்கு ஓர் ஓட்டை இருந்தது.

"இதுல தண்ணி உள்ளே வராதாக்கா?"

"வரும். உங்கண்ணன் ஆத்துத் தண்ணி வெதுவெதுன்னு இருக்குது, வந்தாப் பரவால்ல. உன் ஓடைத் தண்ணி உள்ளே வந்தா, போட்டும் போடாத மாதிரிதான். ஓட்டை இல்லாமத் தைக்கலாம். ஆனா உன் நகம் ஒரே நாள்ல அதைக் கிழிச்சுப்போடும்."

"அப்போ நகத்தை எடுத்துட்டா?"

கெம்பக்கா தைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "செந்நாய் வந்தா எதை வெச்சு அடிப்பே? வளையை எதை வெச்சுத் தோண்டுவே?"

வஞ்சி தன் நகங்களைத் திருப்பிப் பார்த்தாள். சென்னான்தான் குறுக்கிட்டான். "செந்நாய் என்னைக்கோ வரும். பசி தினமும் வருதில்ல? நான் சொல்றேன் கேளு, நுனி வரைக்கும் நல்லா மூடினதா, ஓட்டை இல்லாததா வாங்கிக்க. கை முழுக்க மூடியிருந்தாத்தான் அது கையுறை."

அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று வஞ்சி நினைத்தாள். வயிறு நிறைந்தவனின் பேச்சு யாருக்கும் நம்பத் தோன்றும். பக்கத்தில் இருந்த சொரசொரப்பான பாறையில் நகங்களை வைத்துத் தேய்த்தாள். சதை தெரியும்வரை தேய்த்தாள். வலித்தது, நிறுத்தவில்லை. கெம்பக்கா ஓட்டையில்லாமல் ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தாள்.

ஓடைக்குத் திரும்பியவள் மறுநாளே இறங்கினாள். கை குளிரவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தண்ணீருக்குள் வைத்திருக்க முடிந்தது. ஆனால் அகப்பட்டதை மேலே எடுத்துப் பார்த்தால் கூழாங்கல்லாக இருந்தது. அடுத்ததும் கூழாங்கல். அப்புறம் ஒரு வேர்த்துண்டு. பாம்புச் சட்டையின் இரண்டு மடிப்பைத் தாண்டி எது ஊர்கிறது, எது கிடக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. நண்டு கைக்குள் வந்து வெளியே போனதுகூடத் தெரியவில்லை.

"பழகப் பழக வரும்," என்றான் நஞ்சப்பன்.

வரவில்லை. கையுறையைக் கழற்றினால் கை மரத்தது, போட்டால் கை குருடானது. குட்டிகள் அழுவதையும் குறைத்துக்கொண்டன. அது அழுகையைவிட மோசமாக இருந்தது.

ஒரு விடிகாலையில் வஞ்சி கண் விழித்தபோது நஞ்சப்பன் வளையில் இல்லை. காய்ச்சல் விட்டிருந்தது, கால்களில் இன்னும் பலமில்லை. இருந்தும் அவளை எழுப்பாமல் ஓடைக்கு இறங்கியிருந்தான். அவள் கையுறையை மாட்டிக்கொண்டே கரைக்கு ஓடினாள். மடுவின் ஓரத்தில் அவன் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கி வைத்திருந்தான்.

"வஞ்சி, கை மாட்டிக்கிச்சு. பெரிய நண்டு ஒண்ணு உள்ளே போச்சு, கையை விட்டேன். கல்லு சரிஞ்சிருச்சு."

"இழுங்க!"

"இழுக்க இழுக்க இறுகுது. எனக்குத் தூக்கம் வருது."

அந்தத் தண்ணீரில் தூக்கம் வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். "தூங்காதீங்க. என்கூடப் பேசிட்டே இருங்க," என்று சொல்லிவிட்டு முங்கினாள்.

பெரிய கல்லை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. அது சரிந்து நிற்க வேண்டுமென்றால் அதன் அடியில் எங்கோ ஒரு சின்னக் கல் ஆப்புபோல இறுகியிருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் பெரியது விலகும். கலங்கிய தண்ணீரில் எதுவும் தெரியவில்லை. கையால் தேடினாள். பாசி, கல், கணவனின் கை, எல்லாமே ஒரேபோலத் தோன்றின. மூச்சு முட்டி மேலே வந்தாள்.

"குட்டிங்க எந்திரிச்சிருச்சா?" என்றான் நஞ்சப்பன். குரல் குழறியது.

"எந்திரிச்சிருச்சுங்க. உங்களைத்தான் கேக்குதுங்க."

அவன் மூக்கு மெல்லத் தாழ்ந்து தண்ணீரைத் தொட்டது.

வஞ்சி கையை வாயருகே கொண்டுபோனாள். கையுறையைக் கழற்ற நேரமில்லை, கழற்றினால் அடுத்த முங்கலில் கை முழுக்க மரத்துப்போகும். நுனிப்பகுதியைப் பல்லில் வைத்துக் கடித்துத் துப்பினாள். ஒவ்வொரு விரலாகக் கடித்துத் துப்பினாள். இரண்டு மூன்று இடத்தில் தன் சதையையும் சேர்த்துத்தான் கடித்தாள். பிறகு முங்கினாள்.

குளிர் ஊசிபோல நுனியில் இறங்கியது. அதோடு சேர்ந்து மற்றதெல்லாம் வந்தது. இது பாசி, வழுக்குகிறது. இது பாறை, சொரசொரக்கிறது. இது அவர் கை, நாடி இன்னும் துடிக்கிறது. அதற்குக் கீழே ஒரு மெல்லிய இடுக்கு. நகம் இருந்திருந்தால் விரல் அதற்குள் போயிருக்காது. மொட்டை விரல் போனது. உள்ளே ஆப்புக்கல் இருந்தது, ஒரு முட்டை அளவுதான். அதன் அடியில் விரலைக் கொடுத்து நெம்பினாள். அது உருண்டு வெளியே வந்ததும் பெரிய கல் புரண்டது.

நஞ்சப்பனைக் கழுத்தில் கவ்விக் கரைக்கு இழுத்துப் போட்டாள். வெயில் வரும்வரை அவன்மேல் படுத்திருந்தாள். வெயில் வந்து புல்லின் வெண்மை கரைந்த பிறகு அவன் தும்மினான். அப்போதுதான் அவள் அழுதாள்.

அன்றைக்கே அவள் மறுபடி ஓடையில் இறங்கினாள். நஞ்சப்பன் துரத்திய அந்த நண்டு, அவள் நுனி திறந்த விரல்களால் துழாவியதும் அகப்பட்டது. அதன் பின்னால் இன்னும் இரண்டு அகப்பட்டன. நுனி மரக்கும்போது கையை எடுத்து வாயருகே வைத்து ஊதிக்கொண்டாள். உள்ளங்கை சூடாக இருந்ததால் நுனிக்குச் சீக்கிரம் உயிர் வந்தது.

கடித்த ஓரம் வழியாகத் தண்ணீர் கசிந்ததால் கணவனையும் கூட்டிக்கொண்டு கெம்பக்காவிடம் போனாள். கெம்பக்கா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன பண்ணி வெச்சிருக்கே? குடு, நுனி வெச்சுத் தைச்சுத் தர்றேன்."

"வேண்டாங்கக்கா. இப்படியே இருக்கட்டும். ஓரத்தை மட்டும் ஒட்டிக் குடுங்க."

"நுனி குளிருமே."

"குளிரட்டுங்கக்கா. குளிரு தெரிஞ்சாத்தான் நண்டும் தெரியுது."

கெம்பக்கா எடுத்த ஊசியைக் கீழே வைத்தாள். "நான் தண்ணியில இறங்கினதே கிடையாது," என்றாள் பிறகு. "உங்கண்ணன் சொன்னதை வெச்சுத் தைச்சேன். அவன் வாயால பிடிக்கறவன். உன்னைக் கேட்டிருக்கணும்."

பலாப்பாலைச் சுடச்சுடக் காய்ச்சி, கையுறையின் கடிபட்ட ஓரத்தைத் தோலோடு சேர்த்து ஒட்டினாள். நஞ்சப்பனும் தன் நகங்களைத் தேய்த்துக்கொண்டு அதேபோல ஒரு ஜோடி போட்டுக்கொண்டான். சேதி கேட்டு வந்த சென்னான், கசியாமல் இருக்கத் தன் முழுக் கையுறையையும் நகத்தைச் சுற்றி ஒட்டச் சொன்னான். ஆற்றில் நீந்தித் துரத்துகிறவனுக்கு அதுதான் வசதி என்று வஞ்சியும் ஒப்புக்கொண்டாள்.

பலாப்பால் ஒட்டினால் விடுமா? பனிக்காலம் முடிந்து கழற்றப் பார்த்தபோது ஒருவராலும் கழற்ற முடியவில்லை. கையுறை தோலோடு தோலாகிவிட்டது. அடுத்த மழைக்குப் பிறந்த குட்டிகள் அதைப் போட்டுக்கொண்டே பிறந்தன.

அன்று முதல்தான் பெரிய ஆற்று நீர்நாய்க்குச் சவ்வு விரல் நுனிவரை வருகிறது, நீண்ட நகமும் இருக்கிறது. மலை ஓடை நீர்நாய்க்கோ சவ்வு பாதி விரலோடு நின்றுவிடுகிறது, நகம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. உறைபனி படிந்த காலையிலும் அது ஓடையில் நின்று, எங்கோ பார்த்துக்கொண்டு, கல்லுக்கு அடியில் கையை விட்டு நண்டு எடுக்கிறது.