கோணல் நடையும் கணவாய் ஓடும்

கடலோர மணலில் வளை தோண்டிக் குடியிருந்தது ஒரு நண்டு. பக்கவாட்டில் நடப்பதால் அதற்குக் கோணக்காலன் என்று பெயர். எல்லா நண்டுகளும் அப்படித்தானே நடக்கும் என்கிறீர்களா? உண்மைதான். ஆனால் இந்த நண்டுக்கு மட்டும் அதில் மகா வெட்கம்!

வெட்கத்துக்குக் காரணம் ஒரு கடல் காக்கை. கிழக்கு வெளுக்கும் முன்பே வந்து உட்கார்ந்துவிடும். நண்டைக் கேலி செய்யாவிட்டால் அதற்குத் தின்ற மீன் செரிக்காது.

"என்னவே நண்டாரே, பாக்கிறது கடலை, போறது தெக்கையா?"

அன்று விடிகாலையில் நண்டுக்குப் பொறுக்கவில்லை. சற்றுத் தள்ளி ஒரு பெண் அலைச்சறுக்குப் பலகையோடு கடலில் இறங்கிக்கொண்டிருந்தாள். தினமும் அவள் அலை மேல் நின்று கரைக்கு வருவதை நண்டு வளைக்குள்ளிருந்து பார்த்து ஏங்கும். பலகை இருந்தால் நேராக வந்துவிடலாம் என்று தானாகவே முடிவும் கட்டியிருந்தது.

"இன்னிக்குப் பாரும்! அந்தப் பொண்ணு மாதிரி அலையில ஏறி, ஒரு கால்கூடக் கோணாம உம்ம முன்னால வந்து நிப்பேன்!"

"வரலைன்னா?"

"வரலைன்னா என் முகத்தையே நீரு பாக்க மாட்டீரு!"

வாயைக் கொடுத்தாயிற்று. கரையில் கிடந்த கணவாய் மீனின் வெள்ளை ஓட்டை நண்டு இழுத்துக்கொண்டு போனது. எல்லா இடத்திலும் அலை இரைந்தது. ஓரிடத்தில் மட்டும் சத்தமே இல்லை. தண்ணீர் எண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று இருந்தது. 'இதுதான் நல்ல வழி' என்று நண்டு அங்கேயே ஓட்டைத் தண்ணீரில் தள்ளி, அதன் மேல் ஏறிக்கொண்டது.

ஆகா, என்ன சுகம்! ஓடு தானாகவே மிதந்து போனது. கடல் கத்தரிப்பூ நிறத்தில் மெல்ல மூச்சு விட்டது. கோலா மீன்கள் கூட்டமாக எழும்பிச் சிறகு விரித்துப் பறந்தன. ஓங்கில் எனும் டால்பின் ஒன்றும் அதன் குட்டியும் முதுகு வளைத்து, சத்தமில்லாமல் முங்கி முங்கிப் போயின. அடியில் ஜெல்லி போன்ற சொறி மீன்கள் கவிழ்த்த கிண்ணங்கள்போல் மிதந்தன. வந்த காரியமே நண்டுக்கு மறந்துவிட்டது.

நினைவு வந்து திரும்பிப் பார்த்தபோது, கரை ஒரு கோடாகத் தெரிந்தது!

நண்டு பதறிப்போய்க் கரையை நோக்கி நேராகத் துழாவியது. துழாவத் துழாவக் கரை விலகியது. மேலே ஒரு செம்பருந்து வட்டமிட ஆரம்பித்தது.

அப்போது, முட்டையிட்டுவிட்டு ஆழ்கடலுக்குத் திரும்பும் ஆமை ஒன்று மூச்சு வாங்கத் தலையைத் தூக்கியது.

"எங்க அண்ணாச்சி போறிய, கொழும்புக்கா?"

"கரைக்கு அக்கா! நேரா!"

"கரைக்கு வந்த அலைத்தண்ணியெல்லாம் கடலுக்குத் திரும்புற வழி இது. எதுத்து நீந்துனா நானே செத்துருவேன். பக்கவாட்டுல விலகிப் போங்க!"

"அய்யோ, அது வேண்டாம்னுதானே வந்தேன்!"

ஆமை மூச்சை இழுத்துக்கொண்டு முங்கிவிட்டது. பருந்தின் நிழல் ஓட்டின் மேல் விழுந்தது. கரையில் காக்கை பார்த்துக்கொண்டிருந்தது. மானமா, உயிரா? நண்டு கண்ணை மூடிக்கொண்டு கால்களைத் தம் போக்கில் விட்டது.

எட்டுக் கால்களும் அதற்காகவே காத்திருந்ததுபோல் பக்கவாட்டில் துழாவின! இழுப்பு விட்டது. அலைகள் எழும் இடம் வந்தது. ஓர் அலை ஓட்டைத் தூக்கியது. பாய்ந்த பருந்துக்கு நுரைதான் மிஞ்சியது.

அதே அலையில் அந்தப் பெண்ணும் வந்தாள். கிட்டத்தில் பார்த்த நண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் பக்கவாட்டில் நின்றபடி, அலையின் சரிவில் கோணலாகத்தான் சறுக்கிக்கொண்டிருந்தாள்!

ஓடு மணலில் தட்டி நின்றது. காக்கை தத்தித் தத்தி வந்தது.

"என்னவே, கோணிக்கிட்டே வந்துட்டீரு?"

"ஆமா வே. வந்துட்டேன்லா!" என்றது நண்டு. சொல்லிவிட்டு, எப்போதும்போல் பக்கவாட்டிலேயே, ஆனால் தலை நிமிர்ந்து, தன் வளைக்கு நடந்தது.

பிறர் சிரிக்கிறார்கள் என்று நம் இயல்பை உதறிவிடக் கூடாது; ஆபத்தில் நம்மைக் கரை சேர்ப்பது அதுவாகவே இருக்கலாம்.