தாத்தாவின் தொப்பைப் பள்ளம்

செம்மலைப் பட்டணத்தை ஆண்ட சித்திரசேன ராஜாவுக்கு எந்த எதிரியைக் கண்டும் பயமில்லை. கட்டிலைக் கண்டால்தான் பயம். காலையில் எழுந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அரிவாள் மாதிரி வளைந்துதான் சபைக்கு வருவார். தூக்கம் கெட்ட ராஜாவிடம் நியாயம் எங்கே கிடைக்கும்? ஆட்டைத் திருடியவனுக்கும் கசையடி, ஆட்டைப் பறிகொடுத்தவனுக்கும் கசையடி.

கோளாறு ராஜாவின் உடம்பில் இல்லை, மெத்தையில் இருந்தது. அது அவருடைய தாத்தா படுத்த மெத்தை. பெரியவர் மலை மாதிரி ஆள். குப்புறப் படுத்துத்தான் தூங்குவார். அவர் தொப்பை அழுந்தி அழுந்தி நடு மெத்தையில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. பேரனோ ஒல்லி. தோள் மட்டும் அகலம். ஒருக்களித்துப் படுக்கிற பழக்கம். படுத்தால் தோள் மேட்டில் நிற்கும், இடுப்பு பள்ளத்தில் இறங்கும், முதுகெலும்பு இரண்டுக்கும் நடுவே தொங்கும். விடிய விடியத் தூளியில் கிடந்தவர் போல எழுந்திருப்பார்.

பஞ்சைப் பிரித்து அடித்துப் போட்டால் தீர்ந்தது. ஆனால் சடங்கு மந்திரி அகோரமூர்த்தி விட்டால்தானே? பெரியவர் படுத்த மெத்தையில் கை வைத்தால் வம்சத்துக்கே ஆகாது என்று சொல்லிவிட்டார். வலிக்கு அவர் கண்ட வைத்தியம், மெத்தைமேல் அன்னத்தின் இறகு அடைத்த ஒரு விரிப்பு. அதுவும் ராஜாவோடு சேர்ந்து பள்ளத்துக்குள் போயிற்று. இத்தனைக்கும் அந்த மந்திரி வீட்டில் வருஷம் தவறாமல் பஞ்சடிக்கிற வில்லின் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். உபதேசம் எல்லாம் ஊருக்குத்தான்.

சபையின் விகடர் குழைக்காதருக்கு இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. வயிறு எரிந்தால் அவர் வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் சபையிலேயே சொல்லிவிட்டார்.

"மகாராஜா, நீங்கள் படுப்பது மெத்தையில் இல்லை. உங்கள் தாத்தாவின் வயிற்றில்."

ராஜாவின் முகம் சிவந்தது. அகோரமூர்த்திக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. பெரியவரைப் பழித்த இந்த மகா புத்திசாலியே ராஜாவின் முதுகுவலியைத் தீர்க்கட்டும், பௌர்ணமிக்குள் தீர்க்காவிட்டால் குடும்பத்தோடு எல்லை தாண்டிப் போகட்டும் என்றார். வலி தாங்காத ராஜா அதற்கும் தலையாட்டிவிட்டார்.

குழைக்காதருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டில் மனைவி நிறைமாதம். அவளை எந்தக் காட்டு வழியில் நடத்திக்கொண்டு போவது? பயத்தை மறைத்துக்கொண்டு மந்திரியிடம் கேட்டார்.

"பஞ்சை மாற்றலாமா?"

"கூடாது."

"பள்ளத்தில் ஒரு தலையணையாவது வைக்கலாமா?"

"அது பெரியவர் இடம். கண்டதையும் வைக்கக் கூடாது. ஒன்று அவர் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய பிரதிநிதி படுக்க வேண்டும்."

"அந்தப் பிரதிநிதி யார்?"

அகோரமூர்த்தி தொப்பையைத் தடவிக்கொண்டார். "வருஷா வருஷம் திதியன்று பெரியவரின் அங்கியைப் போட்டுக்கொண்டு, அவர் ஸ்தானத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான்தான். அந்த அங்கி எனக்கு ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது."

குழைக்காதரின் பயம் அந்த நிமிஷமே போயிற்று. ராஜாவின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"மகாராஜா, மருந்து கிடைத்துவிட்டது. மந்திரியார் அந்தப் பள்ளத்தில் குப்புறப் படுக்கட்டும். அவர் வயிறு பள்ளத்தை அடைத்துவிடும். முதுகு மேலே சமமாக நிற்கும். அதன்மேல் நீங்கள் படுங்கள். மெத்தையில் நான் விரல்கூட வைக்கவில்லை."

சபையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நிமிர்ந்தால் சிரிப்பு வந்துவிடும் என்ற பயம். அகோரமூர்த்தி தடுமாறிப்போய், ராஜா மந்திரிமேல் படுப்பது மரியாதை இல்லை என்றார்.

"நீர்தான் பெரியவர் ஸ்தானத்தில் இருக்கிறீரே," என்றார் குழைக்காதர். "பேரனுக்கு உப்பு மூட்டை தூக்காத தாத்தா எந்த ஊரில் இருக்கிறார்?"

அன்று மதியம் சாப்பாடு முடிந்ததும் மந்திரியைக் கொண்டுபோய்க் குப்புறக் கிடத்தினார்கள். பள்ளம் அவர் தொப்பையைச் சொந்தப் பிள்ளையை வாங்கிக்கொள்வது போல வாங்கிக்கொண்டது. முதுகின் மேல் ஒரு பட்டு விரிப்பு. அதன்மேல் ராஜா ஒருக்களித்துப் படுத்தார். இடுப்பு இறங்கவில்லை, முதுகு தொங்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம் வரை அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினார். கீழேயிருந்து அவ்வப்போது ஒரு முனகல் வந்தது. வாசலில் நின்ற குழைக்காதர் அதை வெகு பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

ராஜா எழுந்தார். நேராக எழுந்தார். இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். வலி இல்லை.

"ஆஹா, இதுவல்லவா படுக்கை! அகோரமூர்த்தி, இனி தினமும் இப்படியே. இரவுக்கும் வந்துவிடும்."

பள்ளத்திலிருந்து ஒரு குரல் ஈனமாக எழுந்தது. "மகாராஜா, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. எங்கள் முன்னோர் சொன்ன விதி ஒன்று உண்டு. பஞ்சைப் பிரித்து அடிக்கலாம். ஆளும் ராஜாவின் உடம்புக்குத் தகுந்தபடி திணித்தும் தைக்கலாம். தோஷமே இல்லை."

"எப்போது அடிக்கலாம்?"

"இப்போதே. இருட்டுவதற்குள்."

பஞ்சடிக்கிறவர்கள் வந்தார்கள். இடுப்புக்கு இறுக்கமாகவும் தோளுக்குச் சற்றுத் தளர்வாகவும் திணித்துத் தைத்தார்கள். பௌர்ணமியன்று ராஜா கம்பம் போல நிமிர்ந்து சபைக்கு வந்தார். குழைக்காதருக்கு முத்துமாலை போட்டார். அவர் மனைவி பிள்ளை பெற அரண்மனை மருத்துவச்சியையும் அனுப்பிவைத்தார். எல்லாம் ஆன பிறகு ஒரு சந்தேகம் கேட்டார்.

"குழைக்காதரே, அந்த விதி ஞாபகம் வராமல் அகோரமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே கிடந்திருந்தால், நீர் என்ன செய்திருப்பீர்?"

"அதிலும் நமக்கு நஷ்டமில்லை மகாராஜா. உங்களுக்குத் தூக்கம் கிடைத்திருக்கும். மந்திரியார் வாய் மெத்தையில் புதைந்திருக்கும். நாடு நிம்மதியாக இருந்திருக்கும்."

ராஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.