மூன்றாவது நாற்காலி

சவரிராயன் முப்பது வருஷமாகப் புற்றுநோய் பார்க்கிற டாக்டர். பேச்சு குறைவு. திலகா அவரிடம் தொழில் கற்க வந்தவள். பேச்சு அதிகம்.

ஒரு காலையில் கேட்டாள்.

“ஐயா, வயசானவங்களுக்கு இந்த நோய்னு புதுசா தெரியவருது. அவங்ககிட்ட எவ்வளவு சொல்லணும்?”

“வெளியில யாரு?”

“வேலாத்தாள்னு ஒரு அம்மா. எழுபத்திரண்டு வயசு. மார்புல கட்டி. ரிசல்ட் வந்து ஒரு மாசம் ஆச்சு.”

உள்ளே வந்தது அவள் மகன் நாச்சிமுத்து. ஃபைலை நெஞ்சோடு அணைத்திருந்தான். கதவைச் சாத்தினான்.

அறையில் இரண்டு நாற்காலி. டாக்டருக்கு ஒன்று, நோயாளியோடு வந்தவருக்கு ஒன்று. நோயாளி வெளியே பெஞ்சில். எல்லா வீட்டாரும் அப்படித்தான் வருவார்கள்.

“அம்மாகிட்ட வெறும் கொழுப்புக் கட்டின்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க. நெசம் தெரிஞ்சா தாங்காதுங்க. ஆனா பாருங்க, ஒரு மாசமா அம்மாவே தனித் தட்டு, தனி டம்ளர் வெச்சுக்குது. படுக்கை மாட்டுக்கொட்டாயில. பேத்தி கிட்டப் போனா வெரட்டுது. மருந்து ஏத்தற ஊசிக்கும் வரமாட்டேங்குது. எம்மேல என்ன கோவமோ.”

சவரிராயன் திலகாவைப் பார்த்தார்.

“இன்னொரு நாற்காலி கொண்டா.”

கொண்டுவந்தாள்.

“அம்மாவைக் கூப்பிடு.”

“ஐயோ, வேண்டாமுங்க டாக்டர்!”

“நாற்காலி வந்தாச்சு.”

வேலாத்தாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். டாக்டர் மகன் கையிலிருந்த ஃபைலை வாங்கி அவள் மடியில் வைத்தார்.

“இது உங்களோடது. என்ன தெரியணும்?”

அவள் மகனைப் பார்த்தாள். திலகா வாயைத் திறந்தாள். அவர் ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துக் காத்திருந்தார்.

“எனக்குப் புத்துதானுங்களே சாமி?”

“ஆமாம்மா.”

நாச்சிமுத்து எழுந்துவிட்டான். “ஆரும்மா உனக்குச் சொன்னது?”

“ஒருத்தருஞ் சொல்லல. நாப்பது வருசமா எம்மேல எரிஞ்சு விழறவன், திடீர்னு ‘சாப்பிட்டியாம்மா’ங்கற. உம்பொண்டாட்டி காப்பிக்கு ரெண்டு கரண்டி சக்கரை போடறா. எனக்குத் தெரியாதாடா?”

திலகா சிரிப்பை அடக்கினாள். வேலாத்தாள் சிரிக்கவில்லை. ஃபைலின் ஓரத்தை விரலால் தேய்த்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க. பேத்தி என்னோட தட்டுலதான் திங்கும். எச்சில்ல ஒட்டிக்குங்களா?”

“ஒட்டாது.”

“ஒண்ணாப் படுத்தா?”

“ஒட்டாது.”

“நெசமாலுமா?”

“முப்பது வருஷமா தொட்டுத்தான் பார்க்கறேன். எனக்கு ஒட்டியிருக்கா?”

வேலாத்தாள் பின்னால் சாய்ந்து முழுசாக உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒரு மாசம். புள்ள கதவுக்கு அந்தப்பக்கம் நின்னு அழுகுமுங்க.”

“என்னைக் கேட்டிருக்கலாமில்லம்மா?” என்றான் மகன்.

“கொழுப்புக் கட்டின்னவங்கிட்ட என்னத்தடா கேக்கறது?”

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

“வேற ஏதாவது?” என்றார் டாக்டர்.

“இன்னிக்கு இது போதுமுங்க. ஊசியப் பத்தி நாளைக்குக் கேக்கறனுங்க.”

ஃபைலைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். மகன் பின்னால் போனான்.

திலகா கோட்டுப் பையிலிருந்து தாள்களை எடுத்தாள். பதினோரு பக்கம்.

“அந்தம்மாவுக்குச் சொல்ல எல்லாத்தையும் எழுதி வச்சிருந்தேன் ஐயா. அவங்க கேட்டது இதுல இல்லை.”

“ம்.”

“எவ்வளவு சொல்லணும்னு நீங்க இன்னும் சொல்லலையே?”

கேட்டுக்கொண்டே, மூன்றாவது நாற்காலியை எடுத்த இடத்தில் வைக்கத் தூக்கினாள்.

“கீழ வை. நாளைக்கு அந்தம்மா வந்து கேக்கும்.”