பாதியில் நின்ற நெருப்பு

கொடிச்சி என்ற பெண்யானை தன் கூட்டத்துக்குத் தலைவியாகி ஒரு கோடைதான் ஆகியிருந்தது. அவள் பின்னால் பதினேழு யானைகள் வந்தன. அவற்றில் மூன்று பால்குடிக் குட்டிகள். எங்காவது தயங்கி நின்றால் தன்னைக் கோழை என்று நினைத்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

அந்தப் பயத்தை ஒரு நரி மோப்பம் பிடித்திருந்தது. "பலசாலி முன்வைத்த காலைப் பின்வைக்க மாட்டாள், தலைவியம்மா" என்று அது அடிக்கடி ஓதும். ஒரு குட்டியாவது தவறி விழாதா, விருந்து கிடைக்காதா என்பது அதன் ஆசை.

மலைக்கு அப்பால் மனிதர்கள் உயரமான இரும்பு மேடை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். சற்றுத் தள்ளிப் பொட்டலில் முட்டையிட்டிருந்த ஆட்காட்டிப் பறவைக்கு அங்கே நடப்பதெல்லாம் தெரியும். ராக்கெட்டை வானத்துக்குத் தூக்கப்போகும் இயந்திரத்தை அந்த மேடையில் இறுகப் பூட்டி, எரியவிட்டுச் சோதிக்கிறார்கள் என்று அது வந்து சொன்னது. கொடிச்சிக்குப் பார்க்க ஆசை. நரியும் கூடவே கிளம்பியது.

மலைமுகட்டில் நின்று பார்த்தார்கள். சங்கு ஊதியது. மேடையின் அடியில் தண்ணீர் வெள்ளமாகப் பாய்ந்தது. அடுத்த நொடி இயந்திரத்தின் வாயிலிருந்து நெருப்பு கீழ்நோக்கிப் பீறிட்டது. சத்தம் காதுக்கு வருமுன்பே கொடிச்சியின் உள்ளங்காலில் பூமி அதிர்ந்தது. எதிர்மலை வெண்ணிற ஆவியில் மறைந்தே போனது. ஆயிரம் யானைகள் சேர்ந்து முட்டினாலும் இந்தப் பலம் வராது என்று அவளுக்குத் தோன்றியது.

பத்து மூச்சு விடுவதற்குள் நெருப்பு பட்டென்று அணைந்தது.

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்துவிட்டுப் பாதியில் படுத்துவிட்டதே!" கொடிச்சிக்கும் ஏமாற்றம்தான்.

சில நாள் கழித்து ஆட்காட்டி வந்தது. உள்ளே ஒரு குழாய் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறியதாம். அதை இயந்திரமே கண்டுகொண்டு, தானே அணைந்ததாம். மனிதர்கள் சலித்துக்கொள்ளாமல் அதைப் பிரித்துப் பார்த்து, சரிசெய்து, மறுபடி பூட்டிவிட்டார்களாம்.

"அப்படியானால் அது தோற்கவில்லையா?" என்று கேட்டாள் கொடிச்சி.

"நிற்காமல் எரிந்திருந்தால் வெடித்திருக்கும், அக்கா. நிற்கத் தெரிந்ததால்தான் அதை நம்புகிறார்கள்."

மறுமுறை கொடிச்சி தனியாகப் போய்ப் பார்த்தாள். இந்தத் தடவை நெருப்பு எரிந்தது, எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. காட்டருவிகூட ஒரு நேரம்போல் இன்னொரு நேரம் விழாது. இதுவோ முதல் நொடி எப்படியோ கடைசி நொடியும் அப்படியே இருந்தது. எல்லாம் அடங்கிய பிறகும் அவளால் நெடுநேரம் அசைய முடியவில்லை. தனக்குள் இருப்பது பயமா பக்தியா என்று அவளுக்கே தெரியவில்லை.

அடைமழை வந்தது. தாழ்வான மேய்ச்சல் நிலமெல்லாம் மூழ்கிப்போக, இரண்டு நாள் பசியோடு கூட்டம் மேட்டிலிருந்த மூங்கில் காட்டுக்குக் கிளம்பியது. அதற்குக் குறுக்குவழி, பெரிய பள்ளத்தின் விளிம்பை ஒட்டிய ஒற்றைத்தடம்.

கொடிச்சி முன்காலை வைத்தாள். காலடியில் மண் மயிரிழை நகர்ந்தது. வேறு யாருக்கும் அது தெரியவில்லை. அவள் நின்றுவிட்டாள்.

விளிம்பில் ஒரு பாறைமேல் காத்திருந்த நரி, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, "என்ன தலைவியம்மா, பயந்துவிட்டீர்களா?" என்றது. இளங்கொம்பன்கள் இரண்டு முன்னால் முண்டின. பசியில் குட்டிகள் அலறின. கொடிச்சிக்கு அவமானத்தில் காது மடல்கள் எரிந்தன. ஆனாலும் தடத்தை மறித்துக் குறுக்கே திரும்பி நின்றாள்.

"இந்த வழி வேண்டாம். சுற்றிப் போவோம்."

முணுமுணுத்தபடி எல்லோரும் திரும்பினார்கள். சுற்றுவழியில் அரை நாள் கூடுதலாக நடக்க வேண்டும். இரண்டாவது வளைவைத் தாண்டியிருப்பார்கள், மலை பிளந்ததுபோல் ஓசை கேட்டது. திரும்பிப் பார்த்தால் அந்த ஒற்றைத்தடம் இருந்த இடத்தில் வெறும் பள்ளம்தான் இருந்தது. மண்ணோடு உருண்ட நரி, ஒரு வேரைக் கவ்விக்கொண்டு, உடம்பெல்லாம் சேறாக மேலே ஏறி வந்தது. கூட்டத்தின் பக்கம் திரும்பாமல் புதருக்குள் நழுவியது.

முண்டிய கொம்பன்கள் குட்டிகளை நடுவில் விட்டு, கொடிச்சியின் பின்னால் அமைதியாக நடந்தன.

பாயத் தெரிந்தது மட்டும் பலமல்ல. தவறு தெரிந்த இடத்தில் நிற்கவும் தெரிந்த பலத்தைத்தான் நம்பிப் பின்னால் போகலாம்.