மாசிலாமணி சாரின் நீண்ட ஜெபம்

மாசிலாமணி சார் ஜெபம் பண்ண எழுந்தால் கோயிலில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தமிழ் அவர் வாயில் அப்படி வந்து விழும். கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் "சார் ஒரு ஜெபம் பண்ணட்டும்" என்பார்கள். சாருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு, இல்லாமல் இல்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்து ஜெபவீட்டுக்கு வந்து சேர்ந்தார். அதை நடத்தியவர் சொர்ணம் சிஸ்டர். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், சாரைவிடப் பத்து வயது இளையவர். அவர் ஜெபம் பண்ணினால் நாலு வாக்கியம் தேறாது. அவரிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள் என்று போதகர் சொன்னபோது சாருக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் வந்தார். வேறு வழி தெரியவில்லை, பாவம்.

"இன்னும் ஆழமா ஜெபம் பண்ணணும் சிஸ்டர். கத்துக்கொடுங்க."

"இப்ப என்ன குறை சார்?"

"மகன் வீட்டை விட்டுப் போயி மூணு மாசமாச்சு. போன் போட்டா எடுக்க மாட்டேங்கான். தினமும் விடியக்காலம் முழங்கால்ல நிக்கேன். அவன் வரல. சொல்லுத வார்த்தை எனக்கே ஒட்ட மாட்டேங்கு."

"எப்படிப் போனான்?"

"குடும்ப ஜெபம் நடந்துக்கிட்டு இருக்கு. பாதியில எந்திரிச்சான். சட்டையை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். ஜெபத்துல எந்திரிக்கவன என்னன்னு சொல்ல? அந்தப் பயலுக்கு ஆண்டவர் பயமே இல்ல."



"வீட்டுல எப்படி ஜெபம் பண்ணுவீங்களோ, அதே மாதிரி இங்க ஒண்ணு பண்ணுங்க சார்."

சாருக்குச் சொல்லவா வேண்டும்? கண்ணை மூடினார். தொண்டையைச் செருமினார்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே! இந்தக் குடும்பத்திலே ஒரு வாலிபன் உண்டு. காலை ஒன்பது மணிவரை நித்திரை செய்கிறவனாய் இருக்கிறான். தகப்பன் வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிளிலே ஊரைச் சுற்றுகிறவனாய் இருக்கிறான். பரீட்சைக்குப் பணம் கட்டியும் எழுதப் போகாதவனாய் இருக்கிறான். அவனுக்கு நல்ல புத்தியைத் தாரும்..."

இப்படியே இருபத்தைந்து நிமிஷம் போனது. ஆமென் சொன்னதும் சிஸ்டர், "நல்ல தமிழ் சார்" என்றார். "நாலு நாள் எங்ககூட இருங்க."

சார் இருந்தார். அந்த வீட்டில் அவரவர் சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும். வேறு சட்டம் எதுவும் இல்லை. அங்கே தங்கியிருந்தவர்கள் எல்லோருமாய் ஏழெட்டுப் பேர்தான்.

ஐந்தாம் நாள் காலை ஜெபத்துக்கு எல்லோரும் வட்டமாக முழங்கால் போட்டார்கள். அன்றைக்கு சிஸ்டரே ஆரம்பித்தார்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே! இந்த வீட்டிலே ஒரு பெரியவர் உண்டு."

சார் குனிந்தபடியே புருவத்தை உயர்த்தினார்.

"சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்புகிறவராய் இருக்கிறார். ரசத்திலே புளி குறைந்தால் முகத்தைச் சுளிக்கிறவராய் இருக்கிறார்."

"ஸ்தோத்திரம்" என்றது பக்கத்தில் ஒரு குரல்.

சாருக்குக் காது சூடானது. அது பொய்யில்லை. ஆனால் முதல் நாள் தட்டை எடுக்கப் போனபோது சமையல்கார அம்மாதானே "வையுங்க சார்" என்று வாங்கிக்கொண்டாள்? அதை எப்படிச் சொல்வது? ஜெபத்தில் குறுக்கே பேசக் கூடாது. பால்குடி மறந்த நாளிலிருந்து பழகின ஒழுங்கு அது.

"அடுத்தவர் வேதம் வாசித்தால் நடுவே நிறுத்தி உச்சரிப்பைத் திருத்துகிறவராய் இருக்கிறார். வந்த நாள்முதல் பெற்ற மகனைப் பேர் சொல்லி ஒருதரமும் கூப்பிடாதவராய் இருக்கிறார். அவருக்கு நல்ல புத்தியைத்..."

சார் எழுந்துவிட்டார். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தார். செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார். இந்த இடத்தில் இனி ஒரு நிமிஷமும் இருக்கக் கூடாது என்று வாசல் கேட்டு வரைக்கும் போனார். கேட்டில் கையை வைத்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

அவனும் இப்படித்தான் எழுந்திருப்பான். சாருக்கு அது அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்தார்.

உள்ளே ஜெபம் முடிந்தது. சிஸ்டர் வந்து எதிரே நின்றார்.

"ரொம்ப வலிச்சிருச்சா சார்?"

சார் தலையை மட்டும் ஆட்டினார்.

"மன்னிச்சிருங்க. எல்லார் முன்னாலயும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"நான் வருஷக்கணக்கா சொன்னேன் சிஸ்டர். அவன் அம்மா முன்னால, தங்கச்சி முன்னால. வீட்டுக்கு வந்த மாமன் மச்சான் முன்னால. நேருல ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா அவனும் ரெண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பான். அவன் வாயைக் கட்டிப் போட்டுட்டுல்லா பேசியிருக்கேன்."

சிஸ்டரும் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். சார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்புறம், யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாதவர் மாதிரிச் சொன்னார்.

"பொன்சிங் இல்லாம வீடு வீடாவே இல்ல. தட்டுல சோத்தைப் போட்டா இறங்க மாட்டேங்கு. வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா இன்னும் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கேன். வேலைக்குப் போகாட்டா போகட்டும். எம் பிள்ளை என்கூட இருந்தாப் போதும், சிஸ்டர்."

"இதை மகன்கிட்ட சொல்லியிருக்கீங்களா சார்?"

"இல்ல."

"ஆண்டவர்கிட்ட?"

சார் நிமிர்ந்து பார்த்தார். "இல்ல."

"பின்ன இத்தன நாளும் என்னத்த சார் ஜெபம் பண்ணினீங்க?"