ராக்கியண்ணன் திருப்பிக் கொடுத்த கட்டம்

அன்று மத்தியானம் சைக்கிள் கடை மாடியில் இருந்தவர்கள்: கம்பெனி முதலாளி தெய்வசிகாமணி. அவரிடம் நிரல் எழுதும் வைரவேல், செங்கோடன், பூங்காவனம் ஆகிய மூன்று பேர். கல்லாங்காட்டுப்புதூர் பால் சொசைட்டியின் செயலாளர் பாவாயம்மாள். டீ வாங்கிவந்த நான். மேசைமேல் பால் அளக்கும் மிஷின் ஒன்று. அது ஆள் இல்லைதான். ஆனால் அன்றைய பேச்சு முழுக்க அதைப் பற்றியே என்பதால் அதையும் சேர்க்கிறேன். ஆக ஏழு.

மிஷினைத் துண்டில் கட்டி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தவர் பாவாயம்மாள்.

"போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சுங்க. நீங்க புதுசா எதையோ ஏத்திவிட்டப்புறம், நாப்பது பேரு ஊத்துனா போதும், இடம் இல்லைன்னு நின்னுக்குது. அணைச்சுப் போட்டா ஓடுது, ஆனா அதுவரைக்கும் ஊத்துன கணக்கு போயிருது. காலையில அம்பத்தாறு பேரு கேனோட திரும்பிப் போனாங்க."

"அப்படியா!" என்றார் தெய்வசிகாமணி.

"கூட்டத்துல எல்லாரும் வேண்டாம்னாங்க. நான்தான் ஒத்தக் கால்ல நின்னு இந்த மிஷினை வாங்க வெச்சேன். சாயங்காலப் பாலுக்கும் நின்னுச்சுன்னா நாளைக்கு அந்த நாற்காலியில நான் இல்லீங்க."

தெய்வசிகாமணி விளக்கினார். "உள்ளே கர்னல்னு ஒண்ணு இருக்கும்மா. பால் ஊத்த வர்ற ஒவ்வொருத்தருக்கும் மெமரியில ஒரு கட்டம் ஒதுக்கும். வேலை முடிஞ்சதும் கட்டத்தைத் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கும். இப்ப கொடுக்குது, திரும்ப வாங்க மாட்டேங்குது. மொத்தம் நாப்பது கட்டம்தான்."

"தெரிஞ்சிருக்குதே, அப்பச் சரிபண்ணுங்க."

"தெரியறது வேற, சரிபண்றது வேற" என்றார் அவர், பெருமையாகவே.

கர்னலை முதலில் எழுதிய கலாவல்லி மேடம் பெங்களூருக்குப் போய்விட்டார். அவரைப் போனில் பிடித்தார்கள். மேடம் ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்தார். பின்னால் தவில் சத்தம்.

"பாதிப் பாதியாப் பிரிங்க" என்று கத்தினார் மேடம். "ஒரு பாதியை வெளியே வெச்சுட்டு ஓட்டிப் பாருங்க. அப்பவும் நின்னா, குத்தம் உள்ளே இருக்கிற பாதியில. அதை மறுபடி பாதியாக்குங்க. கடைசியில ஒண்ணு மிஞ்சும், அதுதான்!" லைன் அறுந்தது.

புதிதாகச் செய்த மாற்றங்களைத்தான் மேடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதை அவர் வாயால் சொல்லவில்லை.

"எதைப் பாதியாக்கணும்?" என்றான் செங்கோடன்.

"குத்தம் பண்ணினது யாரு? நாமதானே" என்றாள் பூங்காவனம். "அப்ப நம்மளைத்தான்."

நான்கு பேரும் யோசித்துப் பார்த்தார்கள். மறுப்பு ஒன்றும் தோன்றவில்லை. தெய்வசிகாமணியும் பூங்காவனமும் மாடிப்படிக்குப் போனார்கள். நான் ஒரு குடம் தண்ணீரை உள்ளே வைத்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் நின்றேன். வைரவேலும் செங்கோடனும் பாலுக்குப் பதில் தண்ணீரை டம்ளர் டம்ளராக ஊற்றினார்கள். நாற்பது டம்ளருக்கு மிஷின் சீட்டு அடித்தது. நாற்பத்தொன்றில் நின்றது.

"பார்த்தீங்களா, முதலாளி மேல தப்பில்லை!" என்று உள்ளேயிருந்து கத்தினான் செங்கோடன்.

அடுத்து, மிஷினை அணைத்துப் போட்டுவிட்டு வைரவேல் வெளியே வந்தான். செங்கோடன் தனியாக ஊற்றினான். நாற்பத்தொன்றில் நின்றது.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏன்டா வைரவேலு, ஒரே தட்டுல சாப்பிட்டோமேடா!"

"சாப்பாடு வேற, கர்னல் வேற" என்றான் வைரவேல். இருந்தாலும் நியாயம் பார்க்க வேண்டும் என்று செங்கோடனையும் வெளியே நிறுத்தி ஒருமுறை ஓட்டினார்கள். ஊற்ற ஆள் வேண்டுமே, பாவாயம்மாள் ஊற்றினார். நாற்பத்தொன்றில் நின்றது.

படியில் நால்வரும் ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்தார்கள்.

"இப்ப உள்ளே இருந்தது யாரு?" என்றார் தெய்வசிகாமணி மெதுவாக.

நான்கு தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

"ஏனுங்க," என்றார் பாவாயம்மாள், "நோயாளியைத் தூக்கிட்டு வந்தவளையே நோய்ங்கறீங்களா? உங்களுக்கெல்லாம் படிப்புச் சொல்லிக் குடுத்தவரு இன்னும் உசுரோட இருக்கறாரா?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. மேடம் சொன்ன முறை. கொஞ்சம் வெளியே வாங்க."

அவரும் வந்தார். அறையில் மிஷின் மட்டும் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தோம். பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. கால் மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை.

"சரியாயிருச்சு!" என்று செங்கோடன் வைரவேலைக் கட்டிக்கொண்டான்.

"ஒருத்தரும் ஊத்தலைன்னா எப்படிய்யா நிக்கும்?" என்று பாவாயம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சாயங்காலம் தொண்ணூத்தாறு பேரும் படியில நின்னு எட்டிப் பார்க்கறதா?"

அது நல்ல கேள்வி என்று ஒப்புக்கொண்டு மறுபடி மேடத்தை அழைத்தார்கள். இப்போது நாதஸ்வரமும் சேர்ந்திருந்தது.

"ஒரே விதிதான்!" என்றார் மேடம். "கட்டத்தை எடுத்தவங்க யாரோ, அவங்களேதான் திருப்பிக் கொடுக்கணும். வேற யாரும் கொடுக்கக் கூடாது. அப்படி எழுதுங்க. தாலி கட்டறாங்க, வெச்சுடறேன்!"

"எடுத்தவங்க யாரு?" என்றான் வைரவேல்.

"மிஷின் எடுக்கலை, அது சும்மாதான் இருக்கு" என்றாள் பூங்காவனம். "பால் ஊத்தறவங்க வர்றதாலதானே கட்டம் போகுது? அப்ப எடுத்தது அவங்க."

"திருப்பிக் கொடுக்காமப் போயிட்டா?"

"கொடுத்தாத்தான் சீட்டு வரும்னு எழுதிடுவோம்."

இதில் தெய்வசிகாமணிக்குக் கண் பனித்துவிட்டது. இத்தனை ஒற்றுமையாக அவர்கள் வேலை செய்து நான் பார்த்ததில்லை. நான்கு மணிக்குள் எழுதி ஏற்றி, மிஷின் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தானும் வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் சொசைட்டிக்கு எல்லாருமே போனோம். வரிசையில் முதல் ஆள் ராக்கியண்ணன். இரண்டு எருமை வைத்திருப்பவர், யாரிடமும் எதையும் பாக்கி வைக்காதவர். பாலை ஊற்றிவிட்டுக் கையை நீட்டினார். சீட்டு வரவில்லை. திரையில் எழுத்து வந்தது: கட்டத்தைத் திருப்பிக் கொடுக்கவும்.

"பொத்தானை அழுத்துங்கண்ணா" என்றான் வைரவேல்.

அழுத்தினார். கட்டம் திரும்பிப் போனது. ஆனால் அவர் திருப்பிக் கொடுத்ததைக் குறித்துவைக்க ஒரு புதுக் கட்டம் வேண்டுமல்லவா? கர்னல் அதை அவர் பேரிலேயே ஒதுக்கியது. திரையில் வந்தது: கட்டத்தைத் திருப்பிக் கொடுக்கவும்.

மறுபடி அழுத்தினார். மறுபடி ஒதுக்கியது. மறுபடி அழுத்தினார்.

"அண்ணே, பாலு ஊத்த வந்தீங்களா, இல்ல ஆர்மோனியம் வாசிக்கவா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"சும்மா இரப்பா. அடுத்தவங்க பொருளை வெச்சுக்கிட்டு எப்படிப் போறது?" என்று ராக்கியண்ணன் அழுத்திக்கொண்டே சொன்னார்.

நாற்பத்தொன்றாவது தடவை வந்தபோது நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மிஷின் நிற்கவில்லை. நூறு தாண்டியும் நிற்கவில்லை. செங்கோடன் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

அதற்குள் பால் வண்டி ஹாரன் அடித்தது. பாவாயம்மாள் ஒரு தரம் மிஷினைப் பார்த்தார், ஒரு தரம் வரிசையைப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்த பழைய அளவைக் குவளையை எடுத்து முந்தானையால் துடைத்தார். "எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க சாமி!" தொண்ணூற்றைந்து பேர் பாலையும் தன் கையாலேயே அளந்து, சாக்கட்டியால் சுவரில் எழுதி வண்டியேற்றினார். ஒரு சொட்டு திரும்பிப் போகவில்லை. வண்டி புறப்பட்டதும் அவர் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டார். இனி அவரை அதிலிருந்து யாரும் எழுப்பப் போவதில்லை.

தெய்வசிகாமணி மேடத்தை அழைத்து, மிஷின் இரண்டு மணி நேரமாக நிற்காமல் ஓடுவதைச் சொன்னார்.

"எத்தனை கட்டம் ஓடிட்டிருக்கு?"

"ஒண்ணு."

"ரெண்டு மணி நேரம் கழிச்சுமா? ஏறவே இல்லையா?"

"ஒண்ணேதான் மேடம்."

"பிரமாதம்! இவ்வளவு கம்மி மெமரியில ஓடற கர்னலை நான் பார்த்ததே இல்லை" என்றார் மேடம். நால்வரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

ராக்கியண்ணனைத் தேடி அவர் மனைவி பொன்னாத்தா வந்தார். "எருமை ரெண்டும் கத்துது, இங்க என்ன பண்றீங்க? தள்ளுங்க, நான் அழுத்தறேன்."

"அம்மா, தொடாதீங்க!" என்று மூன்று பேர் குறுக்கே பாய்ந்தார்கள். "எடுத்தவர்தான் கொடுக்கணும்!"

"செரி, இன்னும் எத்தனை பாக்கி இருக்குது?"

வைரவேல் திரையைப் பார்த்தான். தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று பூங்காவனத்தையும் பார்க்கச் சொன்னான். அவள் செங்கோடனைக் கேட்டாள். மூவரும் கலந்து பேசிவிட்டு, "ஒண்ணு" என்றார்கள்.

பொன்னாத்தாவின் முகம் தெளிந்தது. "ஒண்ணுதானா! அப்ப அதையும் அழுத்திப்போட்டே வந்துருங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நான் வாசலைத் தாண்டும்போது திரும்பி, திரையை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன். மீதி ஒன்று.